எட்டணா வலி

பனகல் சாலையைப் பார்த்த ஜன்னலோரக் கட்டிலில்
ஒச்சப்பன், வயது ஐம்பத்திமூன்று,
மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்.
பூண்டு உரிக்கிற நிதானத்தில்
சட்டைப் பொத்தான்களைக் கழற்றி
நெஞ்சாங்குழியைக் காட்டுகிறார்.
"வாயுதான் பாப்பா.
ஒரு சோடா குடிச்சா ஏப்பத்துல போயிரும்."

லைப்ஸிக்கிலிருந்து ஆறு வாரம்
பெரியாஸ்பத்திரியைப் பார்த்துப் படிக்க வந்த யொஹான்னா
ஆங்கிலத்தில் கேட்கிறாள், நான் தமிழில் கேட்கிறேன்.
பத்துக்கு எத்தனை வலிண்ணே?
பூஜ்யம்னா வலியே இல்ல,
பத்துன்னா தாங்கவே முடியாது.
மின்விசிறியைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.
"ஒரு எட்டணா இருக்கும்."

எட்டு மட்டும் அவளுக்குப் புரிந்துவிட்டது,
பஸ் நம்பருக்காக முதல் வாரமே கற்றுக்கொண்டது.
எட்டு என்று எழுதினாள்.
இல்லை, பதினாறுக்கு எட்டு, பாதி என்றேன்.
அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினாள்.
பதினாறு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.
தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும்.
கண் கொஞ்சம் அகலமாக,
உதட்டில் பாதிச் சிரிப்பு,
மோவாய் இரண்டு தரம் கீழே.
பிஷ்கெக்கில் ஐந்து வருஷம் நான் ஆட்டியது.

அந்த நாட்டின் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாது.
வில்லாபுரத்தில் நான் ரஷ்யாவுல படிச்ச புள்ள.
டூட்டி ரூமிலும் அதே பெயர்தான்,
குரல் மட்டும் வேறு.
அப்பா ஊமச்சிகுளத்து மனையை விற்ற பணம்
ஏஜெண்ட் வழியாக, விமானம் வழியாக,
கடைசியில் மூன்று கேள்விகளாக
என் நாக்குக்கு வந்து சேர்ந்தது:
வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து.
பதில்களுக்குப் பாடப்புத்தகம் கிடையாது.

மூன்றாம் வருஷம், பிப்ரவரி,
கண்ணாடியில் பனி ஒட்டிய வார்டு.
ஐகுல் என்றொரு பெண், முப்பத்தைந்து இருக்கும்,
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
நீளமாக ஏதோ சொன்னாள்.
பாதியில் ரஷ்ய மொழியிலிருந்து
தன் மொழிக்குத் தாவிவிட்டாள் என்பது வரைக்கும் புரிந்தது.
தலையாட்டினேன்.
நன்றாகவே புரிந்த மாதிரி
இன்னொரு முறையும்.
தாளில் 'புதிதாக ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.
மறுநாள் அந்தக் கட்டிலில் சலவை விரிப்பு.
வீட்டுக்குப் போய்விட்டாளா என்று கேட்க
வினைச்சொல் தெரியும், நிகழ்காலத்தில்.
இறந்தகாலம் அடுத்த செமஸ்டர்.

ஒச்சப்பனுக்கு வேர்த்திருந்தது.
மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
நம்பரை விட்டேன்.
"அண்ணே, இந்தா லாரி வந்து நிக்கிது.
ஒரு வெங்காய மூட்டை தூக்குவீகளா?"

என்னைப் பார்த்தார்.
வாசலில் ஓ.பி. சீட்டை விசிறியாக மடித்துக்கொண்டிருந்த
மனைவியைப் பார்த்தார்.
பொத்தானைத் திரும்பப் போடப் போன விரல்
காஜாவிலேயே நின்றது.
"அரை மூட்டைன்னா..."
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஈசிஜி தாள் ஓட ஆரம்பித்ததும்
யொஹான்னாவுக்கு மொழி வந்துவிட்டது.
இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல்
மேட்டிலேயே நின்ற கோட்டை
அவள்தான் முதலில் தொட்டுக் காட்டினாள்.
மாத்திரையை விழுங்காமல் மெல்லச் சொன்னேன்.
"வெத்தல மாதிரியா?" என்றார்.

ட்ராலியின் ஒரு சக்கரம்
இடதுபக்கமே இழுத்துக்கொண்டு போனது.
அவளும் நானும் ஆளுக்கொரு முனை,
அவர் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓட்டமாக.
லிஃப்ட்டுக்கு நிற்கையில்
ஒச்சப்பன் படுத்தபடியே அண்ணாந்து பார்த்தார்.
"இந்தப் புள்ள எந்த ஊரு?"
ஜெர்மனி என்றேன்.
"அங்க வாயுக்கு என்னான்னு சொல்லுவாக?"

அவள் தலையாட்டத் தொடங்கினாள்.
பாதியில் நிறுத்தி,
என் பக்கம் திரும்பி,
என்ன கேட்டார் என்றாள்.